அப்பா சொல்லுக்கா, ஆண்டவர் சொல்லுக்கா? பிள்ளைகளும் பத்துக் கட்டளைகளும்

கேள்வி: பட்டர்வொர்த் வாசகி, 2 மார்ச் 2024

எனக்கு இரண்டு பிள்ளைகள், 13 வயதும் 10 வயதும். இந்த வருடத்திலிருந்து குடும்ப ஜெபத்துக்கு வந்து உட்காரு என்று வற்புறுத்துவதை நிறுத்திவிட்டேன். பத்துக் கட்டளை, மனப்பாட வசனம் எதையும் ஒப்பிக்கச் சொல்வதில்லை. வளர்ந்த பிறகு அவர்களாகவே தேடி வரட்டும், பயத்தில் வருகிற விசுவாசம் நிற்காது என்பது என் கருத்து. என் மாமியார் இதைப் பாவம் என்கிறார். நான் செய்வது தவறா?

2 மார்ச் 2024, இரவு 11.20

தவறு என்றுதான் நினைக்கிறேன், சகோதரி. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

பல் விளக்கக் கற்றுக்கொடுக்கிறோம், தமிழ் எழுத்து கற்றுக்கொடுக்கிறோம், பெரியவர்கள் வந்தால் எழுந்து நிற்கச் சொல்கிறோம். இதற்கெல்லாம் "வளர்ந்த பிறகு அவனே முடிவு செய்யட்டும்" என்று யாரும் காத்திருப்பதில்லை. கடவுள் விஷயத்தில் மட்டும் நமக்கு இந்தப் பெருந்தன்மை எங்கிருந்து வருகிறது? ஏலியை நினைத்துப் பாருங்கள். ஆசாரியனாக இருந்தும் தன் மகன்கள் ஓப்னியும் பினெகாசும் காணிக்கை இறைச்சியில் கைவைத்தபோது வாயால் கண்டித்ததோடு விட்டுவிட்டார், அடக்கவில்லை. அந்தக் குடும்பம் என்ன ஆனது என்பது 1 சாமுவேலில் இருக்கிறது.

எனக்கு 11 வயதில் மகன், 8 வயதில் மகள். கோலாலம்பூரில் இருக்கிறோம். எங்கள் வீட்டில் இரவு ஒன்பது மணிக்கு ஜெபம். டிவி அணையும், கைப்பேசிகள் குளிர்சாதனப் பெட்டி மேலே போய்விடும். ஒரு பாட்டு, ஒரு அதிகாரம், ஆளுக்கு ஒரு வரி ஜெபம், கடைசியில் பரமண்டல ஜெபம். வேண்டாம் என்று சொல்கிற உரிமை யாருக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

3 மார்ச், மதியம்

ஆராதனை முடிந்து வந்து நேற்று எழுதியதைப் படித்தேன். ஏலியை உங்கள் மேல் எறிந்திருக்கக் கூடாது. அவர் மகன்கள் வளர்ந்த ஆண்கள், பதவியில் இருந்த ஆசாரியர்கள். 13 வயதுப் பிள்ளை சோபாவை விட்டு எழுந்து வராததற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? மன்னியுங்கள்.

இன்னொன்றும் உறுத்துகிறது. அதே ஏலியின் கையில் வளர்ந்தவர்தான் சாமுவேல். அந்தச் சாமுவேலின் மகன்கள் யோவேலும் அபியாவும் பெயெர்செபாவில் நியாயாதிபதிகளாக இருந்து லஞ்சம் வாங்கினார்கள். நல்ல வளர்ப்பு என்று ஒன்றைச் செய்துவிட்டால் நல்ல பிள்ளை வந்துவிடும் என்று வேதாகமமே எங்கும் உறுதி கொடுக்கவில்லை. நீதிமொழிகள் 22:6 இருக்கிறதே என்பீர்கள். பிள்ளையை நடக்கவேண்டிய வழியில் நடத்து, முதிர்வயதிலும் அதை விடமாட்டான். அது நீதிமொழி, வாழ்க்கையில் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும் என்கிற அனுபவ வாக்கு. கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் இல்லை. பிள்ளை சபையை விட்டுப் போன பெற்றோரிடம் அந்த வசனத்தைச் சொல்லி, நீ சரியாக நடத்தவில்லை என்று குத்துகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் மாமியாரிடம் இதை மென்மையாகச் சொல்லுங்கள்.

ஆனாலும் ஜெபத்தை நிறுத்தியது தவறு என்பதில் நான் மாறவில்லை.

3 மார்ச், இரவு

"உங்கள் வீட்டில் எப்படி நடந்தது" என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன்.

நாங்கள் லுத்தரன், மார்ட்டின் லுத்தர் வழியில் வந்த புராட்டஸ்டண்ட் சபை. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் 1924-ல் கட்டிய சீயோன் ஆலயத்தில்தான் என் அப்பா திடப்படுத்தல் (ஞானஸ்நானத்தை உறுதிசெய்யும் சடங்கு) எடுத்தார். லுத்தரன் வீட்டில் பிறந்தால் சிறிய ஞானோபதேசம் என்கிற கேள்வி-பதில் போதனைப் புத்தகம் இல்லாமல் வளர முடியாது. 1528-ல் சாக்சனி ஊர்ச் சபைகளைச் சுற்றிப் பார்த்த லுத்தருக்கு, ஜனங்களுக்குப் பத்துக் கட்டளைகூடத் தெரியவில்லை என்று பெரிய அதிர்ச்சி. அடுத்த வருடம், 1529-ல், வீட்டுத் தலைவன் தன் வீட்டாருக்கு எளிமையாகச் சொல்லிக்கொடுக்கும்படி அதை எழுதினார். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கி, முதல் வேலைகளில் ஒன்றாக அதைத் தமிழில் ஆக்கினார். அந்த வழியில் எங்கள் தாத்தா கைக்கு வந்து, அப்பா கைக்கு வந்து, எனக்கு வந்தது.

எனக்கு வந்தபோது கூடவே ஒரு ரோத்தானும், அதாவது பிரம்பும், வந்தது. மளிகைக்கடையில் பிளாஸ்டிக் கொக்கிப் பிடியோடு தொங்குமே, அதே ரோத்தான்தான். அப்பா அதிகம் அடித்தவர் இல்லை. ஆனால் ஜெப நேரத்தில் அது மேசை மேல், வேதாகமத்துக்குப் பக்கத்தில் இருக்கும். ஒன்பது வயதில் பத்துக் கட்டளையையும் ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பிப்பேன். அதே வயதில் அப்பாவின் சட்டைப் பையிலிருந்து காசு எடுத்திருக்கிறேன். களவு செய்யாதிருப்பாயாக என்று ஒப்பித்த அதே வாரத்தில். ஒப்பித்தபோது எனக்குக் கொஞ்சமும் உறுத்தவில்லை, அதுதான் இன்றைக்கு என்னை உறுத்துகிறது. ரோத்தானுக்குத் தெரியாதவரை ஆண்டவருக்கும் தெரியாது என்பது போல ஒரு கணக்கு என் மனதில் இருந்திருக்க வேண்டும்.

பயத்தில் வருவது நிற்காது என்று நீங்கள் சொன்னதில் இவ்வளவு உண்மை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

5 மார்ச், இரவு 12.10

இன்று நடந்ததை எழுதாமல் தூங்க முடியாது.

சாயங்காலம் சபையின் மூத்தவர் ஒருவரிடமிருந்து அழைப்பு. எதற்கு என்று தெரியும். சனிக்கிழமை முதியோர் இல்லத்துக்கு ஆட்களைக் கூட்டிப் போக என் வேன் வேண்டும். வேலை முடிந்து அப்போதுதான் உட்கார்ந்தேன். மகனிடம் கைப்பேசியைக் கொடுத்து, "அப்பா குளிக்கிறார்னு சொல்லு" என்றேன். சொன்னான். தடுமாறாமல், மரியாதையாக, "அங்கிள்" போட்டுச் சொன்னான்.

ஒன்பது மணிக்கு ஜெபம். லெந்து நாட்கள் (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்) என்பதால் தினம் ஒரு தடவை கட்டளைகளைச் சேர்ந்து சொல்கிறோம். எங்கள் கணக்கில் நாலாவது பெற்றோரைக் கனம்பண்ணுவது, எட்டாவது பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பது. சொல்லி முடித்ததும் சின்னவள் கேட்டாள்: "அப்பா, அண்ணன் நாலாவதுக்குக் கீழ்ப்படிஞ்சா எட்டாவது உடையுது. எட்டாவதுக்குக் கீழ்ப்படிஞ்சா நாலாவது உடையுது. எது பெருசு?"

அவள் குற்றம் சொல்லவில்லை. கணக்கில் சந்தேகம் கேட்பதுபோலக் கேட்டாள். மகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள். எனக்கு வார்த்தையே வரவில்லை. பரமண்டல ஜெபத்தைச் சொல்லி முடித்துவிட்டுப் படுக்க அனுப்பினேன்.

6 மார்ச்

எண்களைப் பற்றிச் சிலர் கேட்டிருக்கிறீர்கள். ஆமாம், பெற்றோரைக் கனம்பண்ணுவது எங்களுக்கு நாலாவது, பொய்ச்சாட்சி எட்டாவது. கத்தோலிக்கருக்கும் அப்படியே, அகுஸ்தீன் வழியில் வந்த கணக்கு அது. மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன் சபைகளில் ஐந்தாவது, ஒன்பதாவது, ஏனென்றால் விக்கிரகம் பற்றிய பகுதியை அவர்கள் தனிக் கட்டளையாக எண்ணுகிறார்கள். நாங்கள் அதை முதலாவதோடு சேர்த்து, இச்சிப்பது பற்றியதைக் கடைசியில் இரண்டாகப் பிரிக்கிறோம். யாத்திராகமத்தில் எண் எதுவும் போடவில்லை, பத்து வார்த்தைகள் என்று மட்டும் வேறோரிடத்தில் சொல்லியிருக்கிறது. என் மனைவி மெதடிஸ்ட் குடும்பம். பிள்ளைகளுக்கு இரண்டு கணக்கும் தெரியும், பாட்டி வீட்டில் ஐந்தாவது, நம் வீட்டில் நாலாவது என்று மாற்றிச் சொல்வார்கள்.

எண் எதுவானாலும் என் மகள் கேட்ட கேள்வி அப்படியேதான் நிற்கிறது.

6 மார்ச், இரவு

எபேசியர் 6-ஐ எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிள்ளைகளே பெற்றாருக்குக் கீழ்ப்படியுங்கள் என்பதை என் வாழ்நாளில் எத்தனை முறை கேட்டிருப்பேன், எத்தனை முறை சொல்லியிருப்பேன். நடுவில் "கர்த்தருக்குள்" என்று ஒரு சொல் இருப்பது நேற்று வரை என் கண்ணில் படவில்லை. அந்தச் சொல்தான் எனக்கு எல்லை போடுகிறது. நான் என் மகனிடம் கேட்ட கீழ்ப்படிதல் கர்த்தருக்குள் இல்லை, என் சோம்பலுக்குள் இருந்தது. நாலாம் கட்டளையைச் சொல்லி எட்டாவதை அவனை உடைக்க வைத்தேன். அவன் எனக்குக் கீழ்ப்படிந்தான், அதுதான் பயமாக இருக்கிறது. நாளைக்கு அவன் முதலாளி, அவன் நண்பன், அவன் கட்சித் தலைவர் யாராவது இதே குரலில் சொன்னாலும் இதே மரியாதையோடு செய்வான்.

கீழ்ப்படிகிற பிள்ளையை வளர்க்கிறேன் என்று நினைத்திருந்தேன். யாருக்குக் கீழ்ப்படிகிற பிள்ளை என்று கேட்டுப் பார்க்கவே இல்லை.

இன்று ஜெபத்துக்கு முன்னால் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டு, அந்த மூத்தவரை அழைத்தேன். "நேற்று நான் குளிக்கவில்லை ஐயா, பேசச் சலிப்பாக இருந்ததால் பையனைப் பொய் சொல்ல வைத்தேன், மன்னியுங்கள்" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சரி தம்பி, சனிக்கிழமை வேன் கிடைக்குமா?" என்றார். மகன் சிரித்துவிட்டான். நேற்றிலிருந்து அவன் முகத்தில் சிரிப்பையே பார்க்கவில்லை.

சின்னவளுக்குப் பதிலும் சொன்னேன்: "எட்டாவது பெருசு இல்லம்மா, நாலாவதும் பெருசு இல்ல. ரெண்டையும் சொன்னவர் பெருசு. அப்பா அவருக்கு எதிரா ஏதாவது சொன்னா, நீங்க செய்ய வேண்டாம். மரியாதையா, மாட்டேன்னு சொல்லுங்க." இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

9 மார்ச்

ஒரு அண்ணன் கேட்டிருக்கிறார், இப்படிச் சொல்லிவைத்தால் நாளைக்கு எதற்கெடுத்தாலும் "இது கர்த்தருக்குள் இல்லை" என்று பிள்ளை எதிர்த்துப் பேசாதா என்று. மகன் நேற்றே முயன்று பார்த்துவிட்டான், கணக்குப் பயிற்சிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு. கணக்குப் போடச் சொல்வது எந்தக் கட்டளைக்கு எதிரானது என்று காட்டு, விட்டுவிடுகிறேன் என்றேன். பத்தையும் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தான். ஓய்வுநாளில் கொஞ்சம் நின்றான், ஆனால் நேற்று வெள்ளிக்கிழமை. உட்கார்ந்து போட்டான். எனக்கு அதில் சந்தோஷம்தான், கட்டளைகளை அவன் முதல் முறையாக ஒப்பிக்காமல் யோசித்துச் சொன்னான்.

10 மார்ச்

இன்று காலை ஆராதனைக்குப் போகும் வழியில் யோசித்தது. நாம் கட்டளைகளைச் சொல்லிக்கொடுக்கிற விதமும் பள்ளியில் மோரால் (நன்னெறி) பாடம் நடத்துகிற விதமும் ஒன்றாகிவிட்டன. என் அண்ணன் மகள் பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் எழுதிய காலத்தில் 36 நிலாய் (நற்பண்புகள்), ஒவ்வொன்றுக்கும் விளக்கம், சொல்லுக்குச் சொல் மனப்பாடம். ஒரு சொல் மாறினால் மதிப்பெண் போகும். பாத்ரூம் கதவில் ஒட்டிவைத்துப் படித்தாள். பரீட்சை முடிந்த அன்று கதவைச் சுரண்டித் துடைத்ததோடு சரி.

ஞானோபதேசத்தில் அப்படி விடக்கூடாது என்றுதான் லுத்தர் ஒவ்வொரு கட்டளைக்குக் கீழேயும் "இதற்கு அர்த்தம் என்ன?" என்று ஒரு கேள்வி வைத்தார். அந்தப் பதிலையும் நாங்கள் மனப்பாடம் செய்தோம், அதனால் அதுவும் காதில் நின்றுவிட்டது. இப்போது மெதுவாகப் படித்தால்தான் தெரிகிறது, ஒவ்வொரு "செய்யாதே"யையும் அவர் ஒரு "செய்" வரை கொண்டுபோகிறார். கொலை செய்யாதே என்றால் அடுத்தவன் உடம்புக்கு வருகிற கஷ்டத்தில் கூட நில். களவு செய்யாதே என்றால் அவன் பொருளும் பிழைப்பும் காப்பாற்றப்பட உதவு. பொய்ச்சாட்சி சொல்லாதே என்றால் அவனுக்காகப் பரிந்து பேசு, அவன் செய்கிறதற்கு நல்ல அர்த்தம் கொடு. என்னிடம் அப்பா கேட்டது முதல் பாதியை மட்டும். சட்டைப் பையில் கை வைக்காமல் இருப்பது மட்டும்தான் ஏழாவது என்று நினைத்தேன். அப்பாவின் சம்பளம் மாதக் கடைசி வரை வருகிறதா என்று பார்ப்பதும் ஏழாவதுதான் என்று யாராவது சொல்லியிருந்தால், ஒருவேளை கை கூசியிருக்கும்.

எட்டாவதில் இருக்கிற "நல்ல அர்த்தம் கொடு" என்பதைப் பிள்ளைகளோடு செய்து பார்க்கிறோம். எங்கள் மாடியில் ஓர் அம்மா, நடைபாதையில் காலணி கிடந்தால் சத்தம் போடுவார். சின்னவள் சொன்னாள், "அவங்களுக்கு முட்டி வலி, குனிஞ்சு தள்ள முடியல, அதான் கத்துறாங்க." எனக்கு அது தோன்றியதே இல்லை. மறுநாள் எங்கள் காலணிகளை உள்ளே எடுத்து வைத்தோம்.

14 மார்ச்

நோன்பு தொடங்கிவிட்டது. அடுத்த வீட்டு மலாய்ப் பையன் என் மகனைவிட ஒரு வயது சின்னவன், பந்து விளையாடுகிற கூட்டாளி. சாயங்காலம் தண்ணீர்கூடக் குடிக்காமல் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறான். மகன் உள்ளே வந்து, "அவன் அல்லாவுக்காக முப்பது நாள் சாப்பிடாம இருக்கான். நாம லெந்துக்கு என்னப்பா விடுறோம்?" என்றான்.

நாங்கள் எதையும் விட்டிருக்கவில்லை. லெந்து என்றால் புதன்கிழமை ஆராதனையும் கறுப்பு வெள்ளைச் சேலையும் என்று ஆகியிருந்தது. நம் சபையில் இது கட்டாயம் இல்லை, கிருபையால் மீட்கப்பட்டோம் என்று சரியான பதில் ஒன்று என் வாயில் தயாராக இருந்தது. சொல்லவில்லை. "என்ன விடலாம் சொல்லு" என்று கேட்டேன். வீட்டார் நால்வரும் இனிப்புப் பானத்தை விட்டிருக்கிறோம், அந்தக் காசு ஒரு போத்தலில் சேருகிறது. எனக்குத் தே தாரே (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) இல்லாத காலை மிகவும் கஷ்டம். பிள்ளைகளுக்கு அவ்வளவு கஷ்டமாகத் தெரியவில்லை, என்னைக் கண்காணிப்பதில் உற்சாகமாக இருக்கிறார்கள்.

சகோதரி, உங்களுக்கு இதைச் சொல்ல நினைத்தேன்: இது திணித்தது இல்லை, அவன் கேட்டது. ஆனால் ஒன்பது மணி ஜெபம் என்று ஒன்று இந்த வீட்டில் இல்லாமலிருந்தால் அவன் கேட்டிருப்பானா, தெரியவில்லை.

17 மார்ச்

இது மனதுக்குக் கஷ்டமான விஷயம், சுருக்கமாகச் சொல்கிறேன். போன வருடம் தைப்பூசத்துக்கு முன்னால், மகன் பள்ளியில் தன் நண்பனிடம் "நீங்க கும்பிடுறது கல்லு" என்று சொல்லிவிட்டு வந்தான். முதலாம் கட்டளையை நான் சொல்லிக்கொடுத்த விதத்தில் வந்த வினை. அந்த நண்பனின் அம்மா அழுததாகக் கேள்விப்பட்டேன். காவடி நேர்ந்துகொண்ட வீடு, அவன் அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் இருந்த நேரம்.

அவனைக் கூட்டிக்கொண்டு போய் அந்த வீட்டில் மன்னிப்புக் கேட்க வைத்தேன், நானும் கேட்டேன். அவர்கள் உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். திரும்பி வரும்போது மகன், "அப்ப முதலாவது கட்டளை பொய்யா?" என்றான். இல்லை, அது உனக்குச் சொன்னது என்றேன். நீ யாரை நம்புகிறாய், யாருக்குப் பயப்படுகிறாய், எதை எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறாய் என்று உன்னைக் கேட்கிறது. அடுத்தவன் வீட்டுப் பூஜையறைக்குள் எட்டிப்பார்க்க உனக்கு அதில் அனுமதி இல்லை. இந்தப் பதிலோடு எங்கள் சபையில் எல்லோரும் ஒத்துப்போவார்கள் என்று சொல்லமாட்டேன். நான் இதில் நிற்கிறேன்.

18 மார்ச்

ஞாயிற்றுக்கிழமை டியூஷன் பற்றிக் கேட்டவருக்கு: நாங்கள் அனுப்புவதில்லை. நல்ல ஆசிரியர், ஞாயிறு காலை மட்டும்தான் இடம் இருக்கிறது என்றார்கள், விட்டுவிட்டோம். கணக்கில் அவன் பின்தங்கியிருப்பது உண்மை. மூன்றாவதுக்கு, ஓய்வுநாள் கட்டளைக்கு, கொடுக்கிற விலை அது.

24 மார்ச், குருத்தோலை ஞாயிறு

உபாகமம் 6-ஐப் பற்றி எழுதவேண்டும் என்று பல நாளாக இருக்கிறேன். வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும், வழியில் நடக்கும்போதும், படுக்கும்போதும், எழுந்திருக்கும்போதும் பிள்ளைகளிடம் பேசு என்கிற பகுதியை எல்லோரும் சொல்கிறோம். நானே முதல் நாள் உங்களுக்கு அதைத்தான் சொல்ல இருந்தேன். அதே அதிகாரத்தில் கொஞ்சம் கீழே, 20-ஆம் வசனத்தில், நாளைக்கு உன் மகன் இந்தக் கட்டளைகள் எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வாய் என்று மோசே கேட்கிறார். நான் என் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்த பதில், "ஆண்டவர் சொன்னார், அவ்வளவுதான்." மோசே சொல்லச் சொன்ன பதில் அது இல்லை. நாங்கள் எகிப்தில் பார்வோனுக்கு அடிமைகளாக இருந்தோம், கர்த்தர் எங்களைப் புறப்படப்பண்ணினார் என்று ஆரம்பிக்கிறது. எதற்குக் கீழ்ப்படியவேண்டும் என்று பிள்ளை கேட்டால், குடும்பத்தின் கதையைச் சொல்லச் சொல்கிறார்.

எங்கள் குடும்பத்துக்கு அப்படி ஒரு கதை இருக்கிறது. நான் பிள்ளைகளிடம் சொன்னதே இல்லை.

29 மார்ச், பெரிய வெள்ளி, இரவு

இன்று சொன்னேன்.

என் தாத்தா காப்பார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தார். ஜப்பான்காரன் காலத்தில், சயாம் ரயில் போட ஆள் பிடித்தபோது அவரையும் அவர் தம்பியையும் கூட்ஸ் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் தண்டவாளம், காட்டிலும் மலையிலும், 1943 அக்டோபரில் முடித்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் பட்டினியிலும் தோட்டத்துத் தமிழர்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். தாய்லாந்தின் கஞ்சனபுரியில் வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்து வரிசையாகக் கல்லறை இருக்கிறது. நம் ஆட்களுக்கு அப்படிப் பெயர் பெயராகக் கல் இல்லை.

தாத்தா திரும்பி வந்தார். யுத்தம் முடிந்து, எலும்பும் தோலுமாக. பிறகு ரயில்வேயில் வேலை கிடைத்து பிரிக்ஃபீல்ட்ஸ் குவார்ட்டர்ஸுக்கு வந்தார்கள். அன்றிலிருந்து சாகும்வரை ஒருநாள்கூட இரவு ஜெபத்தை அவர் விட்டதில்லை. ஒன்பது மணி என்பது அவர் வைத்த நேரம்தான். எனக்கு அவரைப் பற்றி நினைவில் நிற்பது, ஜெபத்தின் நடுவில் ஓர் இடத்தில் நிறுத்துவார். நீளமாக ஒன்றும் பேசாமல் இருப்பார். பிறகு தொடர்வார். சிறுவயதில் எங்களுக்கு அந்த இடத்தில் தூக்கம் வரும். கிள்ளானில் இருக்கிற என் அத்தைதான் பல வருடம் கழித்துச் சொன்னார், அது தம்பியின் இடம். அந்தத் தம்பி திரும்பி வரவில்லை. தாத்தா அவர் பெயரை வாயால் சொன்னதே இல்லை.

இவ்வளவையும் சொல்லி, "நாம அடிமையா இருந்தோம், ஆண்டவர் கொண்டுவந்தார், அதான் இந்த வீட்ல ஒன்பது மணிக்கு உட்கார்றோம்" என்றேன். சொல்லும்போதே எனக்குக் குரல் உடைந்தது.

மகன் கேட்டான்: "தாத்தாவை ஆண்டவர் கொண்டுவந்தார்னா, அவர் தம்பியை ஏன் கொண்டுவரல?"

பெரிய வெள்ளி அன்று இந்தக் கேள்வி. சிலுவையைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. "எனக்குத் தெரியலடா. தாத்தாவுக்கும் தெரியல. அதனாலதான் அந்த இடத்துல பேசாம இருந்தார்னு நினைக்கிறேன். ஆனா ஜெபத்தை நிறுத்தல" என்றேன். அவன் மேற்கொண்டு கேட்கவில்லை. பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தான்.

30 மார்ச்

சகோதரி, உங்கள் மகன் நேற்று "நீங்க மட்டும் ஏம்மா தனியா ஜெபம் பண்றீங்க" என்று கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். முதல் நாள் நான் அவ்வளவு கடுமையாக எழுதினேன், நீங்கள் ஜெபத்தையே விட்டுவிட்டீர்கள் என்று எண்ணிக்கொண்டு. நீங்கள் விடவில்லை, அவர்களைக் கட்டாயப்படுத்துவதை மட்டும் விட்டீர்கள். அதை நான் சரியாகப் படிக்கவில்லை.

அவனுக்கு என்ன பதில் சொல்வது என்று என்னைக் கேட்கிறீர்கள். உங்கள் அம்மா, பாட்டி யாராவது எப்படிக் காப்பாற்றப்பட்டார்கள் என்று உங்களிடமும் ஒரு கதை இருக்கும். அதைச் சொல்லுங்கள். முடிவு அழகாக இல்லாவிட்டாலும் முழுதாகச் சொல்லுங்கள். பிறகு, எங்கள் வீட்டில் ஜெபம் கட்டாயம்தான் இன்னும். அதை மாற்றப்போவதில்லை. ஆனால் வாய் திறந்து ஜெபிப்பது கட்டாயம் என்பதை எடுத்துவிட்டேன். வந்து உட்கார்ந்தால் போதும், விருப்பமில்லாத அன்று பேசாமல் இருக்கலாம். தாத்தா இருந்தாரே.

7 ஏப்ரல்

உயிர்த்தெழுந்த ஞாயிறு முடிந்து ஒரு வாரம். போத்தலில் சேர்ந்த காசை மகன் எண்ணினான், 86 ரிங்கிட் 40 காசு. முதியோர் இல்லத்துக்கு அந்த மூத்தவரிடமே கொடுத்தான். வேன் நான் ஓட்டினேன்.

வீட்டில் இப்போது ஒரு புதுப் பழக்கம். சின்னவள் தன் முறை வரும்போது, "கொள்ளுத்தாத்தாவோட தம்பியைப் பத்திரமா வச்சுக்கோங்க" என்று சேர்த்துக்கொள்கிறாள். மரித்தவர்களுக்காக ஜெபிப்பது எங்கள் வழக்கத்தில் இல்லை. என் மனைவி என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். போதகரிடம் கேட்கலாம் என்று அன்றிரவு பேசிக்கொண்டோம். கேட்கத்தான் வேண்டும். சின்னவள் என் அத்தைக்குப் போன் போட்டு அந்தத் தம்பியின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறாள், நேற்றிலிருந்து பெயர் சொல்லி ஜெபிக்கிறாள். நான் இதுவரை திருத்தவில்லை.